விமானம் விக்கப் போகினமாம்

விமானம் விக்கிறது ஒருதர், வாங்கிறது இன்னொருதர், "விக்கப் போறம்" எண்டு அறிவிக்கிறது அரசாங்கம். அந்த அறிவித்தலை முதல் எழுத்திலையிருந்து கடைசி எழுத்து மட்டும் வாசிக்கிறதுக்குச் சம்பளம் வாங்கிற சென்மம் நான். இப்பிடியும் ஒரு தொழில் இருக்கோ எண்டு கேப்பியள். இருக்கு. லண்டனிலை ஒரு பழைய கட்டடத்தின்ரை மூண்டாம் மாடியிலை, லிஃப்ற் இல்லாத ஒரு கந்தோரிலை, இருவது வருசமா இதைத்தான் செய்யிறன். நீங்களும் கொம்பியூட்டருக்கு முன்னாலை குந்தியிருந்து, முதுகு நொந்து, கண் பூத்துப்போன ஆக்கள் எண்டால் மிச்சத்தை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எண்டாலும் கொஞ்சம் சொல்லத்தான் வேணும். அமெரிக்க அரசாங்கம் வெளிநாட்டுக்குப் பெரிய ஆயுதம் விக்கிறதெண்டால் முதல்லை தங்கடை காங்கிரசுக்கு அறிவிக்கவேணும். இன்ன நாடு, இத்தினை விமானம், இத்தினை ஏவுகணை, உதிரிப்பாகம், பயிற்சி, பெறுமதி இவ்வளவுக்கு மேலை போகாது எண்டு ஒரு கடதாசி. ஊர் உலகம் பாக்கட்டும் எண்டு இன்ரநெற்றிலையும் போடுவினம். நெருங்கின கூட்டாளி நாடெண்டால் பதினைஞ்சு நாள், மற்றவைக்கு முப்பது நாள். அதுக்குள்ளை காங்கிரஸ் மறிச்சால் மறிச்சதுதான். மறிக்காட்டில் சம்மதம். ஒருதரும் "ஓம்" எண்டு வாய் திறந்து சொல்லத் தேவையில்லை, பேசாமல் இருந்தால் போதும். சத்தம் போட்டவை, வாக்குப் போட்டவை எல்லாம் இருக்கினம். ஆனால் அப்பிடி ஒரு விற்பனை கடைசியிலை நிண்டுபோனதை நான் என்ரை கண்ணாலை காணேல்லை. எங்கடை பிரித்தானியா வேறை மாதிரி. லைசென்சைக் குடுத்து முடிச்சு, மாசக்கணக்குக் கழிச்சு, ஆற அமர ஒரு பட்டியல் விடுவினம்.

என்ரை வேலை இதெல்லாத்தையும் அரைப் பக்கமாச் சுருக்கி, சந்தா கட்டின ஆக்களுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஈமெயில் அனுப்பிறது. சந்தாக்காரர் ஆரெண்டால் காப்புறுதிக் கொம்பனியள், வங்கியள், தூதரகங்கள், பத்திரிகைக்காரர், விமானத்துக்கு ஆணி, பூட்டுச் செய்யிற சின்னச் சின்னத் தொழிற்சாலையள். ஆயுதம் விக்காதை எண்டு பதாகை பிடிக்கிற ஒரு சங்கமும் இருக்கு. எல்லாருக்கும் ஒரே ஈமெயில்தான். இவ்வளவு சமத்துவம் வேறை எந்தக் கந்தோரிலையும் கிடையாது.

அடிப்பக்கம்

நேர்முகத்துக்குப் போன நாள் சொல்லவேணும். முதலாளி கீத், விமானப்படையிலை எஞ்சின் வேலை பாத்து இளைப்பாறின வெள்ளைக்காரர். தேத்தண்ணி ஊத்தித் தந்திட்டு, மேசையிலை பத்து விமானப் படத்தைப் பரப்பி, "ஒவ்வொண்டாச் சொல்லு பாப்பம்" எண்டார். நான் முழுசினன். எல்லாம் பக்கவாட்டிலை நிண்டு வடிவா எடுத்த படங்கள். நான் பிறந்து வளந்தது யாழ்ப்பாணம். நாங்கள் விமானம் பாத்தது பங்கருக்குள்ளை பாயிறதுக்கு ஒரு செக்கன் முன்னம், அதுவும் நிமிந்து பாத்து. பக்கவாட்டிலை ஆர் கண்டது? "ஒண்டும் தெரியேல்லை, சேர். சத்தத்தைப் போட்டால் சொல்லுவன்" எண்டன்.

பகிடி விடுறன் எண்டு நினைச்சுச் சிரிச்சார். பிறகு என்ன நினைச்சாரோ, கொம்பியூட்டரிலை தேடிச் சத்தங்களைப் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டு போனன். இது ஹெலி, மேலையிருந்து சுடுவினம், சுவரோடை ஒட்டி நிக்கவேணும். இது சாமான் ஏத்துறது, நாங்கள் சகடை எண்டுவம், வயித்துக்குள்ளையிருந்து குண்டுப் பீப்பாவை உருட்டி விடுவினம். இது பொம்பர், ரெண்டு தரம் சுத்தும், பதிஞ்சு வந்தால் குண்டு போடப் போறான் எண்டு அர்த்தம். கண்ணைத் திறந்து பாத்தால் மனுசன் சிரிக்கிறதை விட்டிட்டுது. தேத்தண்ணியும் ஆறிப்போச்சு. படங்களை எல்லாம் அடுக்கி மேசை லாச்சிக்குள்ளை வைச்சிட்டுச் சொன்னார்: "விமானப்படையிலை இருந்த ஆறு பேரைக் கூப்பிட்டுப் பாத்திட்டன், ஒருதருக்கும் அடிப்பக்கம் தெரியாது, நீ திங்கட்கிழமை வா."

வீட்டுக்கு வந்த கடிதம்

இனிச் சொல்லப்போறதிலை கடைசிக் கதையைத் தவிர மற்றதெல்லாம் போன வருசம் ஒரு மூண்டு கிழமைக்குள்ளை நடந்தது. எனக்கு ஒரே ஒரு பெட்டை, துளசி. இஞ்சை மோர்டனிலை பிறந்து வளந்தவள். இயந்திரப் பொறியியல் படிச்சு நல்ல ரிசல்ற்றோடை வெளியாலை வந்தவள். வந்து எட்டு மாசம் வேலை இல்லை. சுப்பர்மாக்கற்றிலை பேக்கரிப் பக்கம் பாண் அடுக்கினவள். அவள் போட்ட விண்ணப்பங்களை நான் எண்ணேல்லை, எண்ணினால் எனக்குத்தான் நெஞ்சு வலிக்கும். அப்பிடி இருக்கேக்கை ஒரு நாள் லண்டனுக்கு வடக்கை இருக்கிற ஒரு தொழிற்சாலையிலையிருந்து கடிதம் வந்தது. வேலை சரி. மூண்டு கிழமைக்குள்ளை பதில் சொல்லவேணும். பாதுகாப்புப் படிவம் ஒண்டு நிரப்பவேணும். அதிலை தாய் தேப்பன்ரை பகுதியைத் தாய் தேப்பனே எழுதிக் கையெழுத்து வைக்கவேணும்.

என்ன செய்யிற தொழிற்சாலை எண்டு கேட்டன். விமானச் செட்டைக்குக் கீழை ஒரு தாங்கி இருக்குமாம். ஒரு பொருளை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கும். விமானி பொத்தானை அமத்தினால் விட்டிடும். அந்தப் பிடியை வடிவமைக்கிற வேலை. எனக்கு விளங்கிப்போச்சு. விளங்காமல்? விமானம், ஏவுகணை எல்லாம் போட்டு முடிச்சு, அறிவித்தலின்ரை அடியிலை "குண்டுதாங்கிகளும் அவற்றுக்கான உதிரிப்பாகங்களும்" எண்டு ஒரு வரி வரும். இருவது வருசமா நான் வாசிக்கிற வரி. அவள் கதைக்கிறது எல்லாம் இங்கிலீசிலைதான், "அம்மா" எண்ட சொல்லு மட்டும் தமிழ். அவள் என்ரை முகத்தை நல்ல வடிவாப் பாத்து ஒண்டு சொன்னாள்.

எனக்கு அவள் அந்த வேலைக்குப் போறது துண்டற விருப்பமில்லை. இதை உங்களிட்டைச் சொல்லுறன், அவளிட்டைச் சொல்லேல்லை. என்ன முகத்தோடை சொல்லுறது? இந்த வீட்டிலை சோறு வெந்ததே அந்த விமானங்களாலைதானே. எட்டு மாசம் பிள்ளை பாண் தட்டோடை நிண்டதையும் பாத்தனான். வாயைத் திறந்தால் "நீங்கள் மட்டும்?" எண்டு கேப்பாள் எண்ட பயம். நான் குசினிக்குள்ளை போய் வெங்காயம் உரிக்கத் தொடங்கினன். அவள் சொன்னது இதுதான்: "அம்மா, அது ஒரு கொழுக்கி, அவ்வளவுதான்."

சமநிலை

இந்த அறிவித்தல்களிலை ஒரு சம்பிரதாயம் இருக்கு. கலியாண அழைப்பிதழிலை "சுற்றமும் நட்பும் சூழ" எண்டு போடுறது மாதிரி ஒவ்வொரு அறிவித்தலிலையும் ஒரு வசனம் கட்டாயம் வரும்: உத்தேச விற்பனை அந்தப் பிராந்தியத்தின்ரை அடிப்படை இராணுவச் சமநிலையை மாற்றாது. பத்து ஏவுகணை வித்தாலும் அதே வசனம், அம்பது விமானம் வித்தாலும் அதே வசனம். நான் அதைச் சுருக்கத்திலை போடுறதே இல்லை. சந்தாக்காரருக்கும் அது தெரியும், போடாட்டில் தேடவும் மாட்டினம்.

துளசியின்ரை கடிதம் வந்த அதே கிழமை. செவ்வாய்க்கிழமை ஒரு நாட்டுக்குச் சண்டை விமானம் விக்கிறதா அறிவித்தல். சமநிலை மாறாதாம். வியாழக்கிழமை அதுக்குப் பக்கத்து நாட்டுக்கு, விமானம் சுட்டு விழுத்திற ஏவுகணை விக்கிறதா அறிவித்தல். அதுக்கும் சமநிலை மாறாதாம். ரெண்டு நாட்டுக்கும் முகம் பாத்துக் கதையில்லை. வேறை நேரமெண்டால் நான் பேசாமல் சுருக்கிப் போட்டிருப்பன். அண்டைக்கு எனக்கு விசர் வந்திட்டுது. ரெண்டு கடதாசியையும் கொண்டுபோய்க் கீத்தின்ரை மேசையிலை போட்டு, "இருவது வருசமா இந்த வசனத்தை வாசிக்கிறன். ஒரு நாளாவது எங்கையாவது மாறுமெண்டு எழுதியிருக்கினமோ? உங்களுக்கு இதிலை ஒண்டும் தோணேல்லையோ?" எண்டு கேட்டன். கீத் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, திரும்பப் போட்டு, ரெண்டையும் ஆறுதலா வாசிச்சார். வாசிச்சிட்டு எனக்கு ஒரு பிஸ்கற்றும் நீட்டினார். "ரெண்டு பேருக்கும் வித்தால் சமநிலைதானே, ராஜி."

எட்டு வருசம்

நோர்பரியிலை சிவம் அண்ணையின்ரை கடை இருக்கு. சனிக்கிழமையிலை முருங்கைக்காய், மீன் வாங்கிறது அங்கைதான். மனுசன் என்னைக் கண்டால் சுகம் கேக்காது. "பிள்ளை, இந்தக் கிழமை ஆருக்கு?" எண்டுதான் கேக்கும். நானும் மரக்கறி விலை சொல்லுற மாதிரிச் சொல்லுவன். ஒரு சனிக்கிழமை, வளைகுடாவிலை ஒரு நாட்டின்ரை பேரைச் சொல்லி, "பொம்பரும் குண்டும் அண்ணை" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். ஒரு நினைப்பும் இல்லை. அவருடைய மருமோன் அந்த நாட்டிலை கணக்காளர், மகளும் கைக்குழந்தையும் அங்கைதான் இருக்கினம் எண்டது எனக்கு எங்கை ஞாபகம்!

அடுத்த சனி துளசியையும் கூட்டிக்கொண்டு போறன், கடைக்குள்ளை அரிசி மூட்டைக்குப் பக்கத்திலை ரெண்டு பெரிய சூட்கேஸ். மகள் பிள்ளையை இடுப்பிலை வைச்சுக்கொண்டு, முகத்தை உம்மெண்டு வைச்சுக்கொண்டு நிக்கிறா. மனுசன் அண்டைக்கே போன் எடுத்து, "பொம்பர் வரப்போகுதாம், உடனை வெளிக்கிடு" எண்டு கத்தி, ரிக்கற் போட்டு எடுப்பிச்சுப் போட்டார். மருமோன் மட்டும் வரமாட்டன் எண்டு நிண்டிட்டாராம். "அண்ணை, அது விக்கப் போறம் எண்டு சொல்லுற கடதாசி மட்டும்தான். முப்பது நாள் போகவேணும், ஒப்பந்தம் எழுதவேணும், விமானம் கட்டவேணும், விமானிக்குப் படிப்பிக்கவேணும். அந்த நாட்டுக்குப் போய்ச் சேர எட்டு வருசமும் ஆகும். பேந்து, வாங்கிறதே அந்த நாடுதானே, தன்ரை தலையிலை தானே போடுமே?" எண்டு கெஞ்சாத குறையா விளங்கப்படுத்தினன். மகள், "கேட்டியளே அப்பா?" எண்டு பல்லைக் கடிச்சா.

எங்கடை ஆக்களுக்குத்தான் இந்தப் பிழை வரும். ஒரு நாடு விமானம் வாங்குதெண்டால், அது ஆற்றை தலைக்கு மேலை பறக்குமெண்டு மற்றச் சனம் அயல்நாட்டைப் பாக்கும். நாங்கள் அந்த நாட்டுக்குள்ளையே இருக்கிற சனத்தைப் பாப்பம். சிவம் அண்ணை அசையேல்லை. பாவக்காயைத் தராசிலை போட்டு, ஒண்டைக் கூட எடுத்துப் போட்டு, என்னைப் பாக்காமலே சொன்னார்: "எட்டு வருசத்துக்கு முன்னம் சொல்லுறவன் நல்லவன் பிள்ளை, எங்களுக்கு எட்டு நிமிசமும் தரேல்லை."

ஆர் சொன்னது

திரும்பி வரேக்கை காருக்குள்ளை துளசி கேட்டாள், எட்டு நிமிசம் கிடைச்சிருந்தால் என்ன செய்திருப்பியள் எண்டு. "அடுப்பை அணைச்சிருப்பம்" எண்டன். உண்மையும் அதுதான். வேறை ஏதும் சொல்லுவன் எண்டு கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு இருந்தாள். நான் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டன். வீட்டை வந்து படிவத்தை எடுத்துக் குசினி மேசையிலை, என்ரை கண்ணுக்கு முன்னாலை வைச்சாள். முதலும் ஒருக்கா வைச்சவள்தான், நான் அதுக்கு மேலை பத்திரிகையைப் போட்டு மூடினனான்.

மனம் இப்பிடிக் குழம்பிக் கிடந்த வெள்ளிக்கிழமைதான் என்ரை சேவைக் காலத்திலை விட்ட பெரிய பிழை. எங்கடை வேலைமுறை என்னெண்டால், போன கிழமை ஈமெயிலைத் திறந்து வைச்சு அதிலை பேரையும் தொகையையும் மட்டும் மாத்திறது. வசனமெல்லாம் ஒண்டுதானே, ஏன் திரும்ப அடிப்பான்? அண்டைக்குத் தொகையை மாத்தினன், ஏவுகணையை விமானமா மாத்தினன், நாட்டின்ரை பேரை மாத்த மறந்திட்டன். ஒரு நாட்டுக்குப் போற குண்டுபோடுற விமானம், போன கிழமை ஏவுகணை வாங்கின நாட்டின்ரை பேரிலை, சந்தாக்காரர் அவ்வளவு பேருக்கும் போயிட்டுது. ரெண்டும் ஒண்டையொண்டு கண்ணிலையும் காட்டக்கூடாத நாடுகள். அரை மணித்தியாலம் கழிச்சுத்தான் கண்டன். கீத்தின்ரை முகம் சுண்ணாம்பு.

அந்த நேரம் பாத்து ரெலிபோன் அடிக்குது. எடுத்தால், நான் பிழையாப் பேர் போட்ட அதே நாட்டின்ரை தூதரகம். முடிஞ்சுது கதை, வேலையும் போச்சு, வழக்கும் வரப்போகுது எண்டு நினைச்சுக்கொண்டு, "சேர், மன்னிக்கவேணும், இது முழுக்க முழுக்க என்ரை பிழை, இப்பவே திருத்தம் அனுப்புறன்" எண்டு மூச்சு விடாமல் சொன்னன். அங்காலை ஒரு கதவு சாத்திற சத்தம் கேட்டுது. பிறகு அந்த மனுசன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மன்னிப்பைப் பிறகு கேளுங்கோ, மேடம், அந்த விமானத்தை நாங்கள் அடுத்த மாசம்தான் கேக்கிறதா இருந்தனாங்கள், இதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

படிவம்

கெடு முடிய ரெண்டு நாள் இருக்கேக்கை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் படிவத்தை எழுதக் குந்தினன். துளசியின்ரை அப்பா பஸ் ஓட்டுற ஷிப்ட் முடிஞ்சு வந்து தன்ரை பகுதியை அஞ்சு நிமிசத்திலை எழுதிக் கையெழுத்து வைச்சிட்டார். துளசி "அப்பா, நீங்கள் என்ன நினைக்கிறியள்?" எண்டு கேட்டதுக்கு, "அம்மாட்டைக் கேள், அவதான் அந்தத் தொழிலிலை இருக்கிறா" எண்டு சொல்லிப்போட்டுக் குளிக்கப் போயிட்டார். வாழ்க்கையிலை முதல் தரமா அந்த மனுசன் சரியாச் சொன்னது, அதுவும் எனக்கு வசதியில்லாத நேரத்திலை.

பேர், பிறந்த திகதி, பிறந்த இடம். அதுக்குப் பிறகு, இந்த நாட்டுக்கு வர முன்னம் அஞ்சு வருசத்திலை இருந்த விலாசங்கள். மூண்டு விலாசத்துக்கு இடம் விட்டிருந்தினம். எனக்குப் பதினொண்டு வந்தது. பெரியம்மா வீடு, பள்ளிக்கூடம், கோயில் மடம், தென்மராட்சியிலை ஆரோ ஒருதற்றை மாட்டுக்கொட்டில், வன்னியிலை ரெண்டு கூடாரம், இப்பிடி. நான் என்ன செய்தன் எண்டு நினைக்கிறியள்? தனிக் கடதாசி ஒண்டு எடுத்து, பெரிய எழுத்திலை, இலக்கம் போட்டு, திகதி போட்டு, படிவத்தோடை இணைச்சன். ஒரு வெட்டுக் குத்து இல்லை. கந்தோரிலை கீத் கண்டால் மெச்சுவார். துளசி அதைத் தூக்கி வாசிச்சாள். ஏன் இவ்வளவு வீடு மாறினனீங்கள் எண்டு கேட்டாள். "போட்டாங்கள், மாறினனாங்கள்" எண்டன். அவள் பதினொண்டையும் திரும்ப முதல்லையிருந்து வாசிச்சாள். பிறகு, "அப்ப நான் இதை அனுப்பட்டே?" எண்டு கேட்டாள். "எல்லாம் சரியா நிரப்பிக் கிடக்கு, அனுப்பு" எண்டு சொல்லிப்போட்டுச் சோத்துக்கு அரிசி கழுவப் போனன். கையிலை தண்ணி ஓடிக்கொண்டு இருக்க, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பைப்பைப் பெரிசாத் திறந்து விட்டன்.

அடுத்த நாள் கந்தோரிலை, மறைச்சு என்ன செய்யிறது எண்டு துளசிக்குக் கிடைச்ச வேலையைப் பற்றிக் கீத்துக்குச் சொன்னன். தொழிற்சாலையின்ரை பேரைச் சொன்னதும் மனுசன் எழும்பி வந்து என்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கினார். சந்தாக்காரர் பட்டியலைத் திறந்து விரலை வைச்சுக் காட்டினார். "அவையள் எங்கடை பழைய சந்தாக்காரர், ராஜி, இனி உன்ரை மகள் உன்ரை எழுத்தைக் கந்தோர் நேரத்திலையே வாசிக்கலாம்."

முதல் நாள்

ரெண்டு மாசம் கழிச்சு, வேலை தொடங்கிற அண்டைக்குக் காலமை நான்தான் அவளை மோர்டன் ஸ்டேஷனுக்குக் காரிலை கொண்டுபோனன். அந்தத் தொழிற்சாலைக்குப் போக லண்டனை இந்தக் கரையிலையிருந்து அந்தக் கரை மட்டும் கடக்கவேணும். புதுச் சப்பாத்து, புதுப் பை. நல்ல வடிவா இருந்தாள். கண் படப்போகுது எண்டு நினைச்சன். மத்தியானத்துக்கு என்ன, வரேக்கை போன் எடு, குளிருக்கு மேல்கோட்டு இருக்கோ எண்டு நான் வழி முழுக்கக் கதைச்சுக்கொண்டே போனன். அவள் "ஓம்", "ஓம்" எண்டு மட்டும் சொன்னாள்.

ஸ்டேஷனுக்கு முன்னாலை நிப்பாட்டினன். அவள் இறங்கேல்லை. பின்னாலை பஸ்காரன் கோர்ண் அடிக்கத் தொடங்கிட்டான். "என்ன பிள்ளை, பயமா இருக்கோ?" எண்டு கேட்டன். தலையை ஆட்டினாள், ஓமெண்டும் இல்லை, இல்லையெண்டும் இல்லை. கதவைத் திறந்து இறங்கினாள். பூட்டினாள். ரெண்டு அடி போனவள் திரும்பி வந்து கண்ணாடியிலை தட்டினாள், நான் கண்ணாடியை இறக்கினன். எதையோ மறந்திட்டாள் எண்டுதான் சீற்றைத் தடவிப் பாத்தன். அவள் குனிஞ்சு, இங்கிலீஸ் ஒரு சொல்லுக் கலக்காமல், சொல்லுச் சொல்லாத் தேடி எடுத்துத் தமிழிலை சொன்னாள்: "நீங்கள் போகாதை எண்டு சொல்லுவியள் எண்டு நான் ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு இருந்தனான், அம்மா, நீங்கள் ஒண்டுமே சொல்லேல்லை."

எந்த அரசாங்கம் ஆருக்கு என்ன விக்கப்போகுதெண்டு ஊருக்கு முந்தி வாசிச்சுச் சொல்லுற இந்த மகாகெட்டிக்காரிக்கு, தன்ரை குசினி மேசையிலை மூண்டு கிழமை கிடந்ததை மட்டும் வாசிக்கத் தெரியேல்லை.